இந்தத் தீபாவளிக்கு யாரைப் பார்த்துச் சிரிப்பது?



2020 தீபாவளி வந்தது, விருந்தாளி வரவில்லை. அந்த நவம்பர் 9 தொடங்கி டிசம்பர் 6 வரை, கோவிட்-19 தொற்றால், மலேசியாவின் கெடா மாநிலத்திலும் நிபந்தனையுடன் கூடிய நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை இருந்தது. மாநிலம் விட்டு மாநிலம் மட்டுமல்ல, மாவட்டம் விட்டு மாவட்டம் போவதற்கும் போலீஸ் அனுமதி வேண்டியிருந்தது. நம் ஜித்ரா இருப்பது குபாங் பாசு மாவட்டத்தில். அலோர் ஸ்டார் இருப்பது கோத்தா ஸ்டார் மாவட்டத்தில். இடையில் இருபது கிலோமீட்டர் சொச்சம்தான். பெருநாள் காலையில் சொந்த வீட்டில் ஒருமுறை பசியாறி, மோட்டாரை முறுக்கிக்கொண்டு போய் அலோர் ஸ்டார் அக்கா வீட்டில் மறுமுறை பசியாறுவது நம் ஆட்களின் வழக்கம். அந்த ஆண்டு அக்காவைக் கைப்பேசியில் பார்த்து, “நெய் உருண்டை நல்லா வந்துச்சாக்கா?” என்று கேட்டதோடு சரி. அக்கா ஓர் உருண்டையை எடுத்து நம் கண்முன் ஆட்டிக் காட்டிவிட்டுத் தன் வாயிலேயே போட்டுக்கொண்டார். திறந்த இல்ல உபசரிப்பு அவ்வளவுதான்.

இதற்கு அழுவதா, சிரிப்பதா என்று கேட்டால், மார்ச் மாதத்திலிருந்தே நம் வீடுகள் பதில் சொல்லிவிட்டன.

மார்ச் 18ஆம் தேதி முதல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது, சாமான் வாங்கக் குடும்பத் தலைவர் மட்டும் வெளியே போகலாம் என்றார்கள். அதுவரை பசாருக்குப் போகும் மனைவியின் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு நடந்ததோடு தம் கடமை முடிந்ததென்று இருந்த தலைவர்கள், திடீரெனத் தனியாகக் காய்கறிகளின் முன்னால் நிறுத்தப்பட்டார்கள். கொத்தமல்லித் தழை கேட்டால் டாவுன் சூப் வந்தது. இரண்டுக்கும் இலை ஏறக்குறைய ஒன்றுதான், பாவம். மீன் கறித்தூளில் கோழிக் கறி வெந்தது. கொஞ்சம் விவரமானவர்கள் கடையிலிருந்தே காணொலி அழைப்பில் வந்து ஒவ்வொரு கட்டாகத் தூக்கிக் காட்டினார்கள். “இதுவா?” “இல்லைங்க.” “இதுவா?” “மோந்து பாருங்க!” முகக்கவரி போட்டுக்கொண்டு எதை மோந்து பார்ப்பது? பக்கத்தில் அதே இலையைக் கையில் வைத்து விழித்துக்கொண்டிருந்த மலாய்க்கார அண்ணன் ஒருவர், “சமாலா பாங்” (நானும் அப்படித்தான் அண்ணே) என்று ஆறுதல் சொன்னாராம். இன ஒற்றுமைக்கு இதைவிட நல்ல மேடை உண்டா?

வீட்டுக்குள் வந்தால் பள்ளிக்கூடம். நவம்பர் 9 முதல் ஆண்டிறுதி வரை பள்ளிகள் மறுபடியும் மூடப்பட்டதால், இயங்கலை வகுப்பு மீண்டும் கூடத்துக்கு வந்துவிட்டது. தோட்டத்து வீடுகளில் மூன்று பிள்ளைகளுக்கு ஒரு கைப்பேசி. அதையும் அப்பா வேலை முடிந்து கொண்டுவந்தால்தான் பாடம். சபாவில் ஒரு மாணவி இணைய இணைப்புக்காக மரத்தில் ஏறித் தங்கித் தேர்வு எழுதினார். அந்த வேதனையைச் சிரித்து மறைக்க முடியாது. ஆனாலும் பிள்ளைகள் வகுப்பைச் சிரிப்பில்லாமல் விட்டுவிடவில்லை. நமக்குத் தெரிந்த ஒரு வீட்டில், ஆசிரியை பெருக்கல் வாய்பாடு நடத்திக்கொண்டிருந்தபோது பின்னால் போன பாட்டி, திரையில் டீச்சரைக் கண்டதும் நின்று, “டீச்சர், பசியாறிட்டீங்களா?” என்று கேட்டார். வீட்டுக்கு வந்தவரைக் கேட்காமல் விடலாமா? ஆசிரியை பதில் சொல்வதற்குள் வகுப்பு மொத்தமும் ஒலிவாங்கியைத் திறந்து, “பசியாறிட்டோம் பாட்டி!” என்று கத்தியது. மறுநாள் முதல் பாட்டி வராத வகுப்பில் பிள்ளைகளுக்கு ஆர்வமே இல்லையாம்.

பெருநாளுக்கு முந்திய வாரம் முறுக்கு வாரம். எப்போதும் அம்மா பிழிவார், அக்கா சுடுவார், மற்றவர்கள் தின்பார்கள். அந்த முறை வெளியே போக வழியில்லாத அண்ணன் தம்பி எல்லோரும் அடுப்படியில் நின்றார்கள். ஒருவர் உழக்கை எதிர்ப்பக்கமாகத் திருகி மாவைத் தன் சட்டையிலேயே பிழிந்துகொண்டார். இன்னொருவர் பிழிந்த முறுக்கு கெடா வரைபடம் மாதிரி வந்தது. லங்காவித் தீவுகூடத் தனியாக எண்ணெயில் மிதந்தது. பெருநாள் வரைக்கும் திறக்கக் கூடாது என்று அம்மா டேப் ஒட்டி அலமாரி மேல் வைத்த பிஸ்கட் டின்னோ, 1941 டிசம்பரில் ஜித்ராவில் பிரிட்டிஷ் படை போட்ட தற்காப்பு அரணைப் போலத்தான். அசைக்க முடியாது என்று நம்பியது, இரண்டு நாளில் விழுந்துவிட்டது.

வீட்டுச் சிரிப்பு இப்படியென்றால், மேலிடமும் தன் பங்குக்குக் குறை வைக்கவில்லை. வெதுவெதுப்பான நீர் குடித்தால் கிருமி வயிற்றுக்குள் இறங்கிச் செத்துவிடும் என்று அப்போதைய சுகாதார அமைச்சர் டாக்டர் அடாம் பாபா தொலைக்காட்சியில் சொன்னார். பிறகு 500 நாடுகளுடன் காணொலிக் கூட்டம் நடத்தியதாகவும் சொன்னார். ஐ.நா.வில் உள்ள நாடுகளே 193தான். மிச்சத்தை எங்கே பிடித்தார் என்று மக்கள் தேடிக்கொண்டே சிரித்தார்கள். மகளிர், குடும்ப, சமூக மேம்பாட்டு அமைச்சு அதையும் மிஞ்சியது. வீட்டிலிருந்து வேலை செய்யும் பெண்கள் ஒப்பனையோடு இருக்க வேண்டும், கணவரிடம் நச்சரிக்கக் கூடாது, டோரேமோன் பூனையின் குரலில் கொஞ்சிப் பேசலாம் என்று சுவரொட்டி போட்டது. கண்டனம் கிளம்பியதும் மார்ச் 31ஆம் தேதி மன்னிப்புக் கேட்டது. கணவரிடம் நகைச்சுவையாகப் பேசுங்கள் என்பதுதான் அமைச்சின் ஆலோசனை. மனைவிமார் அதைப் பாதி ஏற்றுக்கொண்டார்கள்: நகைச்சுவையாகப் பேசினார்கள், அமைச்சைப் பற்றி.

இதுவரை சொன்ன சிரிப்பெல்லாம் இரண்டு வகை. ஒன்று, நம்மையே பார்த்துச் சிரிப்பது. இன்னொன்று, நம்மைவிட உயரத்தில் இருப்பவரைப் பார்த்துச் சிரிப்பது. தோட்டத்து மக்களுக்கு இரண்டுமே பழக்கமானவை. பொழுது சாய்ந்ததும் லயத்து வாசலில் உட்கார்ந்து, துரை பேசும் தமிழையும் கிராணியின் மிடுக்கையும் மண்டோரின் அதட்டலையும் நடித்துக் காட்டிச் சிரித்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் மலேரியா ரப்பர் தோட்டங்களில் கொத்துக் கொத்தாக ஆட்களைக் கொண்டுபோன காலத்தையும் அவர்கள் தாண்டி வந்தார்கள். வயிறு காய்ந்தாலும் வாய் காயவில்லை. ஆனால் காய்ச்சலில் கிடந்தவனைக் காட்டி அவர்கள் சிரிக்கவில்லை. கஞ்சி வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

மூன்றாவது வகைச் சிரிப்பை நாம் ஜூலை கடைசியில் பார்த்தோம். ஜித்ரா பக்கத்தில் நாப்போவில் நாசி கண்டார் கடை வைத்திருந்த ஒருவர் சிவகங்கையிலிருந்து திரும்பி வந்து, வீட்டுத் தனிமைப்படுத்தலை மீறிக் கடைக்குப் போனார். நாற்பதுக்கும் மேற்பட்டவர்களுக்கு நோய் பரவியது. நாப்போ வட்டாரக் கிராமங்களுக்கு வேலி போட்டார்கள். ஆகஸ்டில் அலோர் ஸ்டார் நீதிமன்றம் அவருக்கு 5 மாதச் சிறையும் 12,000 ரிங்கிட் அபராதமும் விதித்தது. விதியை மீறியதற்குத் தண்டனை. அதில் நமக்கு மறுபேச்சில்லை.

அந்தத் தொற்றுத் திரளுக்குச் சிவகங்கை என்று பெயர் வைத்தார்கள். நம்மில் பலருடைய தாத்தா பாட்டி கப்பலேறி வந்த சீமையின் பெயர், மாலைதோறும் அப்போதைய சுகாதாரத் தலைமை இயக்குநர் டாக்டர் நோர் ஹிஷாம் அப்துல்லாவின் செய்தியாளர் கூட்டத்தில் எண்ணிக்கையோடு வாசிக்கப்பட்டது. அத்தோடு புலனத்தில் (வாட்ஸ்அப்) கிண்டலும் கிளம்பியது. விதி மீறியவர் ஒருவர். கேலிக்கு ஆளானவர்கள், ஒரு தட்டு சோறு சாப்பிடப் போய் நோயை வாங்கி வந்தவர்கள், அவர்களுடைய பிள்ளைகள், வேலிக்குள் மாட்டிய அண்டை வீட்டார். இதில் வருந்த வேண்டியது, அந்தக் கிண்டலை அனுப்பியவர்களில் நம் ஆட்களும் இருந்தார்கள் என்பது. ஊர்ப்பெயரைச் சொல்லிச் சிரித்தவருடைய தாமானுக்கே பின்னால் நோய் வந்திருக்கலாம். வராவிட்டாலும் அது சிரிப்பில்லை. பயம் போட்டுக்கொண்ட வேஷம்.

நோயை மறைக்க வைப்பதும் இந்தக் கேலிதான். பரிசோதனைக்குப் போனால் ஊர் என்ன சொல்லுமோ என்று ஒருவர் தயங்கி வீட்டில் படுத்துக்கொண்டால், அடுத்த திரள் அந்த வீட்டில் தொடங்கும். காய்ச்சல்காரர் கூச்சமில்லாமல் கிளினிக்குக்குப் போகிற ஊரில்தான் நோய் சீக்கிரம் அகப்படும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எல்லா வீட்டிலும் சிரிப்பு இல்லை. வேலை போன வீடு உண்டு. உதவித்தொகையாக வந்த 1,600 ரிங்கிட் கடன்காரர் கைக்குப் போன வீடு உண்டு. கதவு மூடியதும் கை ஓங்குகிற வீடும் உண்டு. அப்படிப்பட்ட வீட்டிலிருக்கும் பெண்ணிடம் போய், “கொஞ்சம் சிரிச்சுப் பேசிப் பாரும்மா” என்று சொல்வது டோரேமோன் சுவரொட்டியைவிட மோசம். தாலியான் காசே என்ற உதவித் தொலைபேசி எண் 15999. இரவும் பகலும் எடுப்பார்கள். இந்த இதழில் வேறு எதை மறந்தாலும் அந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வாசகர்களிடம் பெருநாளுக்கு நாம் கேட்பது நான்கு காரியம். தனியாக இருக்கும் ஒரு பெரியவரை அழைத்து, உங்கள் வீட்டு முறுக்கு எப்படிக் கோணலாக வந்தது என்று சொல்லுங்கள். அவர் காலத்துக் கதை ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். தனிமைப்படுத்தப்பட்ட வீடு பக்கத்தில் இருந்தால், பலகாரத்தை வாசல் கேட்டில் மாட்டிவிட்டுக் கைப்பேசியில் சொல்லுங்கள். நோயாளியையோ அவர் ஊரையோ கேலி செய்யும் செய்தி புலனத்தில் வந்தால் அதை யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியவர் மாமாவாக இருந்தாலும் “இது வேணாம் மாமா” என்று சொல்லிவிடுங்கள். நான்காவதாக, அந்த எட்டு மாதத்தில் உங்கள் வீட்டில் நடந்த வேடிக்கை ஒன்றை ஒரு பக்கத்தில் எழுதி நமக்கு அனுப்புங்கள். நல்லவற்றை வரும் இதழ்களில் வெளியிடுகிறோம். ஒரே நிபந்தனை: அந்தக் கதையில் சிரிப்புக்கு ஆளாகிறவர் நீங்களாக இருக்க வேண்டும்.

எண்ணெய்க் குளியல் முடித்து, முகக்கவரியை எடுத்து வைத்துவிட்டு, வீட்டில் இருக்கிற நான்கு பேரோடு வயிறார உண்டு வாய்விட்டுச் சிரியுங்கள். 

– ஆசிரியர்