எக்ஸிட் கதவுக்கு அந்தப் பக்கம் என்ன?

'தி அமேஸிங் டிஜிட்டல் சர்க்கஸ்' பார்த்தாச்சா? இல்லைன்னா பார்த்துட்டு வாங்க, கீழே ஸ்பாய்லர் இருக்கு. முதல் ரெண்டு எபிசோட் பார்த்த சூட்டோட எழுதுறேன்.

கூஸ்வொர்க்ஸ் உருவாக்கி, ஆஸ்திரேலியாவின் கிளிட்ச் புரொடக்‌ஷன்ஸ் தயாரித்த அனிமேஷன் காமெடி இது. 2023 அக்டோபரில் முதல் எபிசோட் யூடியூபில் இலவசமாகவே வந்தது. கதை சிம்பிள்: பாம்னி ஒரு ஹெட்செட்டை மாட்டுறா, கேமுக்குள்ள கோமாளி உருவத்துல மாட்டிக்கிறா. சொந்தப் பேர்கூட ஞாபகம் இல்லை. ரிங்மாஸ்டர் கெயின் ஒரு ஏ.ஐ.; உள்ளே இருக்கிறவங்களுக்கு போரடிக்காம இருக்க விதவிதமா 'அட்வென்ச்சர்' கொடுக்கிறதுதான் அதோட வேலை.

இந்தத் தொடர் கேம் ஆடுறவனைக் கிண்டல் பண்ணலை, கேமோட லாஜிக்கைக் கிண்டல் பண்ணுது. நம்ம ஊர் காமெடியில கேம் ஆடுற பையன்னா பெரும்பாலும் ஒரே டெம்ப்ளேட்தான்: வீட்டுக்கு உதவாதவன். உள்ளே இருந்து பார்த்து யாரும் சிரிக்க வைக்கலை.

ரெண்டாவது எபிசோட்ல கம்மிகூன்னு ஒரு மிட்டாய் முதலை வரும். தான் ஒரு என்.பி.சி., தன் அம்மா பத்தின நினைவே யாரோ எழுதி வச்சதுன்னு அதுக்குத் தெரிய வர்ற இடத்துல சிரிப்பு நின்னுடும். கிளாஸ்ல பேசாம இருக்கிறவனை 'என்.பி.சி.டா அவன்'னு நாம ஓட்டுறோமே, அந்த வார்த்தை இனிமே அவ்வளவு ஈஸியா வாயில வராது.

ஆனா என்னை உலுக்கினது முதல் எபிசோட்ல வர்ற எக்ஸிட் கதவு. பாம்னி அதைத் திறந்து ஓடுறா. அறைக்குப் பின்னாடி அறை, கடைசியில வெறும் வெற்றிடம். கெயின் சொல்ற காரணம்: கதவு கேட்டீங்க, செஞ்சேன், அந்தப் பக்கம் என்ன வைக்கிறதுன்னு தெரியலை.

நம்மகிட்ட எல்லாரும் சொல்றதும் இதானே? 'போனைக் கீழ வச்சுட்டு வெளியே வாடா.' சரி, வந்து? கூட்டேரிப்பட்டுல சாயங்காலம் காலேஜ் விட்டா ஹைவே, டீக்கடை, திண்டிவனம் பஸ். பஸ் வர்ற வரைக்கும் ஃப்ரீ ஃபயர். 2020 செப்டம்பர்ல பப்ஜி மொபைலைத் தடை பண்ணாங்க, 2021ல பி.ஜி.எம்.ஐ. வந்துச்சு. 2022 பிப்ரவரியில ஃப்ரீ ஃபயரைத் தடை பண்ணாங்க. நாம மேக்ஸுக்கு மாறினோம். டேட்டா பாதுகாப்புக்காகப் போட்ட தடைதான், ஆனா வீட்டுல 'அப்பாடா'ன்னு நினைச்சாங்க. கேமை மூடினா போதுமா? ஆளுக்குப் போக ஒரு இடம் வேணாமா? ஒரு கிரவுண்டு, ஏழு மணி வரைக்கும் திறந்திருக்கிற லேப், லைப்ரரி?

அதுக்காக கேமே கதின்னு இந்தத் தொடர் சொல்லலை. தனியா எக்ஸிட்டைத் தேடித் தேடியே மனசு உடைஞ்ச காஃப்மோ, யாரையும் அடையாளம் தெரியாத மிருகமா மாறிடுறான். பாம்னி திரும்பி வந்து மத்தவங்களோட சாப்பாட்டு மேசையில உட்கார்றா. வெளியே வழி கிடைக்கலை, கூட ஆள் கிடைச்சிருக்கு.

ஃபைனல் இயர்ல பாதிப் பேர் அந்த மாதிரி ஒரு கதவைத்தான் வெறிச்சுப் பார்த்துட்டு இருக்கோம்; அதுக்கு 'பிளேஸ்மென்ட்'னு பேரு. உங்க ஸ்குவாட்ல ராத்திரி ரெண்டு மணிக்கும் ஆன்லைன்ல இருக்கிற ஒருத்தன் இருப்பான். 'இன்னும் தூங்கலையா'ன்னு திட்டாதீங்க. மைக்கை ஆன் பண்ணி, 'சாப்பிட்டியாடா?'ன்னு கேளுங்க.