திரும்பி வந்த மடலை முதலில் வாசியுங்கள்

யாழ்ப்பாணத்தில் பழைய மாணவர் சங்கம், கோவில் பரிபாலன சபை, சிறு ஏற்றுமதி நிறுவனம், மின்னஞ்சல் திரும்பி வந்தால் எங்கே கேட்டாலும் ஒரே பேச்சுத்தான்: "எங்கட ஐ.பி.யைக் கறுப்புப் பட்டியலில போட்டிட்டாங்கள். இலங்கை எண்டாலே மறிக்கிறாங்கள். காசு கட்டி எடுப்பிக்க வேணும், இல்லாட்டிச் சேர்வரை மாத்த வேணும்." இதில் ஒரு துளி உண்மை உண்டு. மிச்சம் பிழை. அந்தப் பிழையை நம்பிப் பொதுப்பணம் வீணாவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

நாட்டைப் பார்த்தா மறிக்கிறார்கள்? தனிப்பட்ட சேர்வர்க்காரர் சிலர் அப்படிச் செய்வதுண்டு. ஆனால் கறுப்புப் பட்டியல் வெளியிடும் அமைப்பான, 1998இல் தொடங்கிய ஸ்பாம்ஹவுஸின் பட்டியல்களில் இருப்பவை ஐ.பி. எண்களும் டொமைன் பெயர்களும். அவர்களுடைய பி.பி.எல். பட்டியலில் வீட்டு இணைய இணைப்புகளின் எண்கள் கூட்டங்கூட்டமாக இருக்கும். கொக்குவில் வீட்டு இணைப்பைப் போலவே ரொறன்ரோ வீட்டு இணைப்பும் இருக்கும். யாரையும் குற்றவாளி என்று அது சொல்லவில்லை. வீட்டு இணைப்பிலிருந்து மடல் நேரே புறப்படக் கூடாது, மடல் சேர்வர் ஒன்றின் வழியாகப் போகட்டும் என்பதே அதன் பொருள். கடவுச்சொல் கொடுத்து 587ஆம் போர்ட் வழியாக அனுப்பினால் அந்தச் சிக்கல் தீர்ந்தது.

காசு கட்டச் சொல்வது இன்னும் பெரிய பிழை. ஸ்பாம்ஹவுஸ் தன் பட்டியலிலிருந்து நீக்கக் கட்டணம் வாங்குவதில்லை. மேலும், திருடுபோன கடவுச்சொல்லையும் இணையத்தளத்தில் புதுப்பிக்காமல் கிடக்கும் பிளகினையும் அப்படியே விட்டுவிட்டு எண்ணை மட்டும் எடுப்பித்தால், அது திரும்பவும் பட்டியலில் ஏறும்.

புலம்பெயர்ந்த நம்மவர் பலரிடம் இருப்பது ஜிமெயில். அது பெரும்பாலும் தன் சொந்தக் கணிப்பையே நம்புகிறது. திரும்பி வந்த மடலில் 550 5.7.26 என்று இருந்தால் கறுப்புப் பட்டியலைத் தேடி அலைய வேண்டாம். அனுப்பியவர் இன்னார்தான் என்று உறுதியாகவில்லை என்கிறது அந்த எண். கடிதத் தலைப்பில் சங்கத்தின் பெயர் இருந்து முத்திரை இல்லாத மாதிரி. டொமைனின் டி.என்.எஸ். பதிவில் அனுப்புபவரை உறுதிப்படுத்தும் எஸ்.பி.எஃப்., டிகிம் என்ற இரண்டையும் சரியாகச் சேர்ப்பது ஒரு பிற்பகல் வேலை. கூகுளும் யாஹூவும் 2024 பெப்ரவரியிலிருந்து இதில் கடுமையாகிவிட்டன. அவுட்லுக்கிலிருந்து எஸ்3150 என்று வந்தால் கதை வேறு: அது மைக்ரோசொஃப்டின் சொந்தத் தடைப்பட்டியல், அவர்களிடமே விண்ணப்பிக்க வேண்டும்.

அந்த ஒரு துளி உண்மை எது? மலிவான ஹோஸ்டிங்கில் பல இணையத்தளங்கள் ஒரே ஐ.பி.யில் குடியிருக்கும், அடுத்த வீட்டுக்காரர் செய்த குப்பைக்கு நாமும் மாட்டுவோம். அப்போது மட்டும் இடம் மாறுவது நியாயம். மற்றபடி புது ஐ.பி. என்பது ஊருக்குப் புதியவர். யாரும் உடனே நம்பமாட்டார்கள். டொமைனின் கெட்ட பெயரும் கூடவே வரும்.

நான் அதிகம் கவலைப்படுவது முகவரிப் பட்டியலைப் பற்றித்தான். இருபது வருடமாக எக்செலில் சேர்ந்த முகவரிகள். இடம் மாறியவர், வேலை மாறியவர், காலமானவர் எல்லாரும் அதில் இருப்பார்கள். கைவிடப்பட்ட பழைய முகவரிகள் சில, பின்னாளில் ஸ்பாம் பிடிக்கும் பொறிகளாக மாற்றப்படுகின்றன. அங்கே மடல் போனாலே, கேட்காதவருக்கு அனுப்புகிறவர் என்ற பெயர் நமக்கு விழும். நாள்பட்டுத் திரும்பி வரும் முகவரிகளை அகற்றுவதைச் சங்கத்தார் மரியாதைக் குறைவாக நினைக்கிறார்கள். "விலகிக்கொள்ள இங்கே அழுத்தவும்" என்ற வரியைப் போடவும் தயங்குகிறார்கள். அந்த வரி இல்லாவிட்டால், சலித்தவர் அழுத்துவது ஸ்பாம் பொத்தானை. அந்த முறைப்பாடு 0.3 வீதத்தை எட்டக்கூடாது என்கிறது கூகுள்: ஆயிரம் பேருக்குப் போகும் மடலில் மூன்றே பேர்.