மவுஸ் சக்கரம் உங்கள் விரலுக்கு ஒத்துப் போகிறதா?

அரும்பாவூர் மரச்சிற்பங்களைப் பார்த்திருப்பீர்கள். பெரம்பலூர் மாவட்டத்தில், பச்சைமலை அடிவாரத்து ஊர். 2020-ல் புவிசார் குறியீடுகூடக் கிடைத்தது. அங்கே ஒரு சிற்பியிடம் போய், "கையில கிடைச்ச உளியையே வெச்சு எல்லாத்தையும் செதுக்குங்க" என்று சொல்லிப் பாருங்கள். உங்களை ஏற இறங்கப் பார்ப்பார்! வளைவுக்கு ஒன்று, நுணுக்க வேலைக்கு ஒன்று என்று உளியை மாற்றிக்கொண்டே இருப்பவர் அவர்.

நாமோ கடையிலிருந்து வந்த மவுஸை வந்தபடியே உருட்டிக்கொண்டு, சாயங்காலம் மணிக்கட்டில் தைலம் தேய்க்கிறோம்.

மேசை உயரம், நாற்காலி, வெளிச்சம்... இதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான். ஸ்க்ரோல் வேகத்தைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை என்பதுதான் என் ஆதங்கம். வேகம் குறைவாக இருந்தால் ஒரு பக்கம் படிக்க ஆள்காட்டி விரல் நூறு தடவை மடங்கி நிமிர வேண்டும். அந்த விரலை நிமிர்த்தும் தசை முன்கையில் இருக்கிறது. அதனால்தான் விரல் செய்த வேலைக்கு முழங்கைப் பக்கம் வலிக்கிறது. வேகம் அதிகமானால் வேறு தொல்லை. படித்த வரி பறந்துவிடும், மேலும் கீழும் தேட வேண்டும். சிலருக்குத் தலை சுற்றி, குமட்டல்கூட வரும்.

விண்டோஸில் ஒரு உருட்டலுக்கு எத்தனை வரி என்று நாமே வைத்துக்கொள்ளலாம். வழக்கமாக 3 வரி இருக்கும். லினக்ஸில்தான் சிக்கல். நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு லினக்ஸ் புதிதல்ல. 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்திலேயே, விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது. நல்ல சரக்குதான், காசும் கிடையாது. ஆனால் க்னோம் என்ற முகப்பு இருக்கிறதே, அதன் அமைப்புகளில் மவுஸ் வேகம் என்று ஒரு கோடு இருக்கும். அதை இழுத்தால் அம்புக்குறிதான் வேகமாக ஓடும், பக்கம் ஓடாது. இரண்டும் வேறு வேறு. இது தெரியாமல் அதையே இழுத்து இழுத்துச் சலித்துப் போனவர்கள் ஏராளம்.

காரணம் இதுதான். அடியில் இருக்கும் லிப்இன்புட் என்ற நிரல், டச்பேடில் விரல் எவ்வளவு நகர்ந்தது என்று மட்டும் சொல்லும். எவ்வளவு தூரம் ஓட்டுவது என்பது மேலே இருக்கும் மென்பொருளின் பாடு. ஆகவே, அதே விரல் அசைவுக்கு ஒரு மென்பொருளில் பக்கம் நகரும், இன்னொன்றில் பாயும்! பொறியாளர்களுக்கு இது நியாயமாகத் தோன்றலாம். நடுங்கும் கையோடு கணினி பார்க்கும் தாத்தாவிடம் இந்த நியாயத்தைச் சொல்ல முடியுமா? ஸ்க்ரோல் வேகத்துக்கும் ஒரு கோடு, முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்பேன்.

அதுவரை? கேடிஇ பிளாஸ்மா முகப்பின் புதிய பதிப்புகளில் மவுஸுக்கும் டச்பேடுக்கும் தனித்தனியே ஸ்க்ரோல் வேகம் வைக்கலாம். புதிதாக லினக்ஸ் போடச் சொல்கிறவர்கள் இதைக் கேட்டு வாங்குங்கள். க்னோமிலேயே இருப்பவர்கள் ஃபயர்பாக்ஸில் மட்டுமாவது மவுஸ் வேகத்தை மாற்றிக்கொள்ளலாம். முகவரிப் பெட்டியில் 'அபவுட் கான்ஃபிக்' பக்கத்தைத் திறந்து, மவுஸ்வீல் என்று தேடுங்கள். 'டிஃபால்ட்' வரிசையில் 'டெல்டா மல்டிப்ளையர் ஒய்' என்று முடிகிற வரியில் 100 என்று இருக்கும். 50 என்றால் பாதி வேகம், 200 என்றால் இரட்டிப்பு. பயமாக இருந்தால் காலேஜ் படிக்கிற பிள்ளையைக் கூப்பிடுங்கள், இரண்டு நிமிஷ வேலை.

வேகத்தை மாற்றியும், கட்டை விரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றும் ராத்திரியில் மரத்துப் போகிறதா? அது மணிக்கட்டில் நரம்பு அழுந்துவதன் அறிகுறியாக இருக்கலாம். தைலத்தை மூடி வைத்துவிட்டு டாக்டரிடம் போங்கள்.