மாற்றுப் பாதை மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

ஐரோப்பிய சரக்கு ரயில் பற்றிய கட்டுரையில் ராஸ்டாட் விட்டுப்போயிற்று. 2017 ஆகஸ்ட் 12 அன்று, அந்த ஜெர்மன் ஊரில் தண்டவாளத்துக்கு அடியில் சுரங்கம் தோண்டும்போது மண் உள்வாங்கி, ரயில் பாதை அமுங்கியது. ரோட்டர்டாமையும் ஜெனோவாவையும் இணைக்கும் தடம் அக்டோபர் 2 வரை அங்கே அறுந்து கிடந்தது. ரைன் நதிக்கு அக்கரையில், பிரான்ஸ் வழியாகப் பாதை இருந்தது. ஆனால் பிரெஞ்சு தெரிந்த, அத்தடம் பழகிய ஓட்டுநர்கள் போதவில்லை. சிக்னல் முறையும் வேறு. கண்டெய்னர்கள் தேங்கின. சரக்கை லாரிக்கு மாற்றியவர்களைக் குறை சொல்ல முடியுமா?

முதன்மைத் தடமும் மாற்றுத் தடமும் ஒரே நேரத்தில் மூடப்படாதிருக்க, எல்லை தாண்டும் தடங்களில் பராமரிப்பு நாட்களை அண்டை நாடுகள் சேர்ந்தே குறிக்க வேண்டும். ராஸ்டாட் போன்ற பெரிய தடைகளைக் கையாள 2018இல் பொதுக் கையேடு வந்தது நல்லதே. ஆனால் மாற்றுத் தடத்துக்கான ஓட்டுநர்களை இப்போதே பழக்கி, இன்ஜின்களையும் தயாராக வைக்க வேண்டும்.

– ஒரு வாசகர், தூத்துக்குடி