சிமிட்டி ஓய்ந்த பெட்டி

மாலைச் செய்தியைப் பார்க்கவென எமது தமக்கையார் தொலைக்காட்சிப் பெட்டியின் ஆளியை அழுத்தினார். செந்நிற விளக்கு நான்கு முறை கண்சிமிட்டிற்று, பின்னர் ஓய்ந்தது. படமுமில்லை, ஒலியுமில்லை. மறுநாள் திருத்தகமொன்றிற்குக் கொண்டு சென்றபோது, "உள்ளேயுள்ள பலகை முழுவதும் பழுது, புதியது வாங்குவதே உத்தமம்" என்று, பின்மூடியைக் கழற்றாமலே தீர்ப்பு வழங்கிவிட்டனராம். புதுப்பெட்டி வாங்கும் நிலையில் அக்குடும்பம் இல்லை. உயர்தர வகுப்பிற் பௌதிகவியல் பயிலும் அவருடைய மகன் பெட்டியை எம்மிடம் தூக்கி வந்தான்.

மூடியைக் கழற்றுமுன் ஓர் அபாயத்தை வாசகர்கள் அறிதல் வேண்டும். எமது வீடுகளுக்கு வருவது 230 வோல்ற்று ஆடலோட்டம். பெட்டியின் மின்வழங்கற் பகுதி அதனை நேரோட்டமாக்கிப் பெரியதொரு கொள்ளளவியில் ஏறத்தாழ 325 வோல்ற்று அழுத்தத்திலே தேக்கி வைக்கின்றது. செருகியைக் கழற்றிய பின்னரும் அத்தேக்கம் எஞ்சி நிற்கலாம். ஆளைக் கொல்லவும் வல்லது. திருகாணிச் செலுத்தியை முனைகளின் குறுக்கே வைத்துப் பொறி பறக்கவிடும் வீரர்களை நாமறிவோம். அந்த வித்தை வேண்டாம். 2000 ஓம் தடையொன்றைக் காவலிட்ட குறட்டாற் பிடித்து, முனைகளிடையே சில விநாடிகள் வைத்து, பல்மானி பூச்சியத்தை அண்மித்த பின்னரே நாம் கை வைத்தோம். பழக்கமில்லாத மாணவர் இவ்விடத்திற் பார்வையாளராக நிற்பதே முறை.

"மாமா, உருகி எரிந்திருக்குமோ?" என்றான் சிறுவன்.

விளக்குச் சிமிட்டியதன்றோ? ஆகவே உருகி நலமாகவே இருந்தது. விளக்கே எரியாத பெட்டியாயின் அவன் கேள்வி பொருத்தமானதே. ஆயினும் எரிந்த உருகி நோயன்று. நோயைச் சொல்லும் சாட்சி மாத்திரமே. அதன் கண்ணாடி உட்புறம் கறுத்திருப்பின், சீராக்கும் இருவாயிகளோ, மின்னைத் துண்டித்துத் துண்டித்து விடும் திரான்சிற்றரோ குறுக்குச்சுற்றாகியிருத்தல் கூடும். காரணத்தை நீக்காது புதிய உருகி இட்டால் அதுவும் எரியும். உருகிக்குப் பதிலாகச் செப்புக்கம்பி சுற்றினால் வீடே எரியக்கூடும்.

பின்னர் பல்மானியை 12 வோல்ற்றுப் பாதையிற் பொருத்தி, பெட்டியை இயக்கிப் பார்த்தோம். எழ முயன்ற ஒவ்வொரு தடவையும் அழுத்தம் 9 வோல்ற்றுக்குக் கீழே சரிந்தது. மறுபடியும் செருகியைக் கழற்றி, தேக்கத்தை நீக்கி, அப்பாதையைக் கண்ணால் தொடர்ந்தபோது குற்றவாளி அகப்பட்டான்: 1000 மைக்ரோபரட்டு, 16 வோல்ற்று என்று பொறித்த சிறு கொள்ளளவி. தட்டையாக இருக்க வேண்டிய அதன் தலை உப்பியிருந்தது. உள்ளேயுள்ள மின்பகுதிரவம் வெப்பத்தால் மெல்ல வற்ற, உள்தடை பெருகும், தடை பெருக மேலும் சூடேறும், வாயு தோன்றும். அவ்வாயு குழலைச் சிதறடியாது வெளியேறவே தலையில் கீறல்கள் இடப்பட்டுள்ளன. தலை உப்பாமலும் கொள்ளளவி கெடுவதுண்டு. அப்போது கண் உதவாது.

இனி ஒரு கணக்கு. இயங்கும் வெப்பம் 10 பாகை செல்சியஸ் குறையுந்தோறும் இதன் ஆயுள் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது பொறியியலாளர் கைக்கொள்ளும் விதி. 85 பாகையில் 2000 மணி நேரம் உழைக்கும் கொள்ளளவி, 65 பாகையில் 8000 மணி நேரம் உழைக்கும். நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் பார்ப்பவர்க்கு அது நான்கு ஆண்டுகூட ஆகாது. 105 பாகையில் அதே 2000 மணி நேரம் தாங்குவதாயின், 65 பாகையில் 32,000 மணி நேரம். பதினான்கு ஆண்டுகளுக்கும் மேல்! இவ்விரண்டிற்குமுள்ள விலை வித்தியாசம் அற்பமே.

ஆகவே அதே கொள்ளளவமும் 25 வோல்ற்றுத் தாங்குதிறனும் உடைய, உள்தடை குறைந்த, 105 பாகை இனத்தில் இரண்டு வாங்கினோம். அருகிலிருந்த இணை நலமுள்ளது போலத் தோன்றினும், அதே வயதும் அதே சூடும் கண்டதாகையால் அதனையும் மாற்றினோம். உடலிலுள்ள பட்டை எதிர் முனையைக் குறிக்கும். தலைகீழாய்ப் பற்றவைத்தால் வெடிக்கும். சிறுவனை இருமுறை சரிபார்க்கச் செய்தோம்.

அன்றிரவு தமக்கையார் செய்தியைப் பார்த்தார். மூடியைப் பூட்டிய பின் ஒரு திருகாணி மிஞ்சியிருந்ததை நாம் அவருக்குச் சொல்லவில்லை.