வெள்ளையாக விடுபடும் மாவட்டம்

1826இல் ஷார்ல் துப்பேன் பிரான்ஸ் நாட்டு வரைபடத்தில் பள்ளிக்குப் போகும் சிறுவர் குறைந்த பகுதிகளைக் கறுப்பாகவும் மிகுந்த பகுதிகளை வெளிறியும் தீட்டினார். எந்த எண் எந்த நிலத்துக்கு உரியது என்பதை அன்று மனிதக் கண் பார்த்து வைத்தது. 1960களில் ஹோவர்ட் ஃபிஷரின் சைமேப் மென்பொருள் எழுத்துகளை ஒன்றன்மேல் ஒன்றாக அச்சடித்தே நிறச்சாயல் உண்டாக்கியது. இன்று கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் நொடியில் வண்ணம் பூசுகிறது. ஆனால் பெயரை வைத்து இணைக்கும்போது அட்டவணையில் உள்ள பெயரும் எல்லைக் கோப்பில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்தால்தான் பூசும். ஒரு இடைவெளி மிகுந்தாலும் அந்த மாவட்டம் வெள்ளையாக நின்றுவிடும்.

தமிழ்நாட்டை வரைய உட்கார்ந்தவர்களுக்கு இந்த வெள்ளை நன்கு பழக்கம். தூத்துக்குடிக்கு ஆங்கிலத்தில் ஒரு கோப்பில் ஒரே ‘கே’, இன்னொன்றில் இரண்டு. நீலகிரிக்கு முன்னால் ‘தி’ ஒன்றில் உண்டு, இன்னொன்றில் இல்லை. 1871 கணக்கெடுப்பைத் தொட்டால் திருநெல்வேலி, திருச்சிராப்பள்ளிக்குப் பதிலாக டின்னெவெல்லியும் டிரிச்சினாபொலியும் வந்து நிற்கும். 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றும் ஆணையை வெளியிட்டு, சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது.

சரி, தமிழிலேயே எழுதினால்? கோயம்புத்தூரின் ‘கோ’வை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: துணையுயிர்க் குறி ஒரே குறியீடாக, அல்லது இரட்டைச்சுழிக் கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் இரண்டும் ஒன்றுதான். முன்கூட்டி ஒருமைப்படுத்தாவிட்டால் கணினிக்கு அவை வேறு வேறு ஊர்கள்.

இடைவெளியை வெட்டலாம், எழுத்தை மாற்றலாம். மென்பொருளில் அதற்கெல்லாம் வழி உண்டு. ஆனாலும் அரசு வெளியிடும் ஒவ்வொரு அட்டவணையிலும் பெயரோடு கணக்கெடுப்புக் குறியீட்டு எண்ணும் இருக்க வேண்டும் என்றே சொல்வேன். பெயரைத் திருத்தித் திருத்திப் பொருத்துவது ஒவ்வொருவரும் தனியாகச் சுமக்கிற வேலையாக இருக்கக் கூடாது.

பெயர் பொருந்தியும் பிழையாவது இன்னும் கவலை தருவது. 2011 கணக்கெடுப்பில் திருநெல்வேலி மாவட்டத்தில் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள். 2019இல் அதிலிருந்து பிரிந்து தென்காசி தனி மாவட்டமானது. அந்தப் பழைய எண்ணை இன்றைய எல்லையோடு இணைத்து மக்கள் அடர்த்தி பார்த்தால் எழுத்துகள் ஒத்துப்போகும், எச்சரிக்கை எதுவும் வராது. சுருங்கிய திருநெல்வேலியில் நெரிசல் நிறம் ஏறியிருக்கும். பக்கத்தில் தென்காசி வெள்ளையாகக் கிடக்கும்.