குண்டு இருந்திருந்தால் உக்ரைன் தப்பியிருக்குமா?

‘உக்ரைன் அணுகுண்டைக் கொடுத்தது, நாட்டைப் பறிகொடுத்தது. குண்டு இருந்தால்தான் சுதந்திரம்.’ 2022இல் ரஷ்யாவுடன் முழு அளவில் போர் மூண்டதிலிருந்து பெரம்பலூர், அரியலூர் டீக்கடை வரைக்கும் ஒலிக்கிற வாதம் இது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

‘கையிலிருந்த குண்டைக் கொடுத்துவிட்டார்கள்.’ சோவியத் ஒன்றியம் உடைந்தபோது உக்ரைன் மண்ணில் சுமார் 1,900 நெடுந்தூர அணுகுண்டுகள் இருந்தன. ஆனால் ஏவுவதற்கான குறியீடுகள் மாஸ்கோவிடம் இருந்தன. பெட்டி நம் வீட்டில், சாவி அடுத்தவரிடம் என்றால் அது நம் சொத்தா?

‘வெளிநாடுகள் மிரட்டிப் பிடுங்கின.’ நெருக்கடி இருந்தது உண்மை. ஆனால் அதற்கு முன்பே, 1990 ஜூலை 16இல் வெளியிட்ட இறையாண்மைப் பிரகடனத்தில், அணு ஆயுதத்தை ஏற்பதில்லை, செய்வதில்லை, வாங்குவதில்லை என்று உக்ரைனே எழுதிக்கொண்டது. செர்னோபில் வெடித்து நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. அதோடு, மாஸ்கோவின் குண்டு உக்ரைனில் இருக்கும்வரை மாஸ்கோவின் கட்டளையும் அங்கே இருக்கும். இன்னொரு சோவியத் குடியரசான கஜகஸ்தானும், நாற்பது ஆண்டுகள் அணுச் சோதனை நடந்த செமிபலாட்டின்ஸ்க் தளத்தை 1991 ஆகஸ்டில் மூடிவிட்டு, டிசம்பரில்தான் விடுதலையை அறிவித்தது.

‘குண்டு இருந்தால் எவனும் தொடமாட்டான்.’ 1982இல், அணுகுண்டு வைத்திருந்த பிரிட்டனிடமிருந்து ஃபாக்லாந்துத் தீவுகளை அர்ஜென்டினா பிடித்தது. 1998 மே மாதம் பொக்ரானில் நாம் அணுகுண்டு வெடித்தோம். மறு ஆண்டே கார்கில் போர் வந்தது. பல்லாயிரம் குண்டுகள் வைத்திருந்த சோவியத் ஒன்றியமோ சிதறியே போனது.

‘குண்டில்லாத நாடு பணியத்தான் வேண்டும்.’ 1956இல் அரியலூர் அருகே ரயில் மருதையாற்றில் கவிழ்ந்ததற்குப் பொறுப்பேற்றுப் பதவி விலகிய லால் பகதூர் சாஸ்திரியை இந்தப் பக்கம் யாரும் மறக்கவில்லை. 1964 அக்டோபரில் சீனா அணுகுண்டு வெடித்தபோது அவர்தான் பிரதமர். சொந்தக் கட்சிக்குள்ளேயே குண்டு கேட்டார்கள்; அவர் ஆய்வுக்கு மட்டும் இடம் கொடுத்தார், குண்டு செய்யவில்லை. 1965இல் பாகிஸ்தானுடன் போர் நடக்கும்போது சீனாவும் கெடு வைத்து மிரட்டியது. குண்டில்லாத இந்தியா பணியவில்லை.

‘புடாபெஸ்ட் வாக்குறுதி என்ன ஆனது?’ நியாயமான கேள்வி இது ஒன்றுதான். 1994 டிசம்பர் 5இல் உக்ரைனின் எல்லையை மதிப்பதாக ரஷ்யா, அமெரிக்கா, பிரிட்டன் மூன்றும் கையெழுத்திட்டன. 2014இல் கிரீமியாவை எடுத்துக்கொண்டு ரஷ்யா அதை மீறியது. மீறினால் படை அனுப்ப வேண்டும் என்ற கட்டாயம் அந்த ஆவணத்தில் யாருக்கும் இல்லை. கோளாறு அங்கேதான். மீறிய நாட்டைத் தட்டிக்கேட்க மற்றவர்கள் தயங்கியதற்கு ஒரு பெரிய காரணம், அதன் கையில் அணுகுண்டு இருந்தது.

ஆகவே உக்ரைன் சொல்லும் பாடம் ‘எல்லோரும் குண்டு செய்யுங்கள்’ என்பதல்ல. குண்டைத் துறக்கும் நாட்டுக்கு வெறும் வாக்குறுதி போதாது. மீறுகிறவரைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை வேண்டும். இந்தியா உலக அரங்கில் கேட்க வேண்டியது அதைத்தான்.